ஏழாவது கேள்வி

உலகமே தலைகீழாக நின்றாலும் சரி, ஜன்னல் அறையை மட்டும் விட்டுக் கொடுப்பதில்லை என்று ஆஃப்-ஆன் சார் அன்று காலை பல் துலக்கும்போதே முடிவு செய்துவிட்டார். முடிவெடுத்த வேகத்தில் பற்பசை கொஞ்சம் தொண்டைக்குள் இறங்கிவிட்டது. அதையும் அவர் பொருட்படுத்தவில்லை.

ஆஃப்-ஆன் என்பது பெற்றோர் வைத்த பெயரல்ல. வீட்டுச் சாதனங்கள் விற்கும் ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில் இருபத்திரண்டு வருடங்களாகத் தொலைபேசிக்குப் பதில் சொல்லிச் சம்பாதித்த பெயர் அது. டி.வி.யில் படம் வரவில்லையா, வாஷிங் மெஷின் சுற்றவில்லையா, எதுவானாலும் "ஒரு தடவை ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க" என்றுதான் ஆரம்பிப்பார். அதற்கும் மசியாத சாதனங்களுக்கென்று அவரிடம் ஒரு தாள் உண்டு. பத்துக் கேள்விகள் கொண்ட தாள். வரிசை மாறாமல் கேட்பார். ஃபிரிட்ஜிலிருந்து புகை வருகிறது என்று ஒருவர் அலறியபோதும், பிளக் சரியாகச் சொருகப்பட்டிருக்கிறதா என்ற முதல் கேள்வியை முடித்துவிட்டுத்தான் புகைக்கு வந்தார்.

அந்த வீட்டில் வெளிச்சம் வருகிற அறை ஒன்றே ஒன்றுதான். தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல். அந்த ஜன்னலை ஒட்டித்தான் சாரின் மேஜையும், அதன் மேல் அவருடைய கம்ப்யூட்டரும் இருந்தன. மானிட்டர் பழைய காலத்துத் தொந்தி மானிட்டர். தட்டையான திரை வாங்கலாமே என்று யாராவது சொன்னால், தட்டையாக இருப்பதில் எப்படிங்க படத்துக்கு ஆழம் வரும் என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார். ஆபீஸிலிருந்து வந்ததும் அதன் முன் உட்கார்ந்து 'ஆராய்ச்சி' செய்வார். ஆராய்ச்சி என்றால் சீட்டாட்டம். தனியாக ஆடுகிற வகை. திரையில் வெளிச்சம் பட்டால் ராணிக்கும் ராஜாவுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை என்பதால், ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலை தைத்து மாட்டச் சொல்லியிருந்தார். ஆக, வீட்டின் ஒரே வெளிச்சமான அறை வருடக்கணக்கில் இருட்டில் கிடந்தது.

அந்தத் திரைச்சீலையைத் தைத்ததும் அவருடைய மனைவிதான். தெருவே அம்மணி என்று அழைக்கும் தையல்காரர். அம்மணியின் தையல் மெஷின் சமையலறைக்கும் பின்கதவுக்கும் நடுவே இருந்த நடையில், ஒரு டியூப் லைட்டுக்குக் கீழே இருந்தது. அந்த வெளிச்சத்தில் கருநீல நூலும் கறுப்பு நூலும் இரட்டைப் பிள்ளைகள். போன மாதம் ஓட்டல் காவல்காரர்களின் கருநீலக் கோட்டுகள் பன்னிரண்டையும் கறுப்பு நூலால் தைத்துவிட்டு, வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பிரித்துப் பிரித்து விரல் நுனியெல்லாம் புண். அம்மணிக்கு அன்று அழுகையே வந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த சாருக்கும் மனசு கேட்கவில்லை. தூக்கிப் போட இருந்த ஒரு பழைய ஸ்பீக்கரைக் கழற்றி, சாஸர் அளவு காந்தம் ஒன்றை எடுத்து, கீழே விழுகிற குண்டூசிகளைப் பொறுக்க வைத்துக்கொள் என்று பெருந்தன்மையாகக் கொடுத்தார். அறையைக் கொடுக்க வேண்டும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

இப்போது ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து முப்பது நர்ஸுகளுக்குச் சீருடை தைக்கும் வேலை வந்திருந்தது. அதிலும் கருநீலப் பட்டி. இந்தத் தடவையும் பிசகினால் அந்தப் பக்கமே தலைகாட்ட முடியாது. அதனால்தான் ஜன்னல் அறையை அம்மணி வாய்விட்டுக் கேட்டிருந்தார். அதனால்தான் சார் பல் துலக்கும்போது அந்த முடிவை எடுத்தார்.

முடிவை அறிவித்த விதம்தான் கொஞ்சம் பிசகிவிட்டது. மாடி வீட்டுக்காரர் பேப்பர் வாங்க இறங்கி வந்திருந்தார். கேட்க ஒரு ஆள் கிடைத்தால் சாருக்குக் குரல் தானாகவே உயரும்.

"இந்தாம்மா, என் கம்ப்யூட்டருக்கு வசதியான இடம் இந்த வீட்டுலயே அது ஒண்ணுதான். அந்த ரூம் அதுக்கு ஒத்துக்கலைன்னு மட்டும் ஆகட்டும், மேஜையை நானே தூக்கிட்டு வெளியே வந்துடறேன். மெஷினையும் நானே கொண்டாந்து உள்ளே போடறேன்."

"சரிங்க" என்றார் அம்மணி.

கல்யாணமாகிச் சில வருடங்களானவர்களுக்குத் தெரியும், இந்தச் 'சரிங்க'வில் எத்தனை வகை உண்டென்று. சார் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் ஆராய்ச்சியில் உட்கார்ந்தவர் திடுக்கிட்டார். ஸ்பேட் ராணியின் கன்னத்தில் ஊதாத் திட்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ராஜாவின் தாடி பச்சையாகத் தெரிந்தது. திரையின் ஜன்னல் பக்கத்து ஓரம் முழுக்க, யாரோ சாயம் கரைத்து ஊற்றியது போல நிறங்கள் குழம்பிக் கிடந்தன.

ஆஃப் பண்ணி ஆன் பண்ணினார். 'ட்டொய்ங்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு மானிட்டர் மறுபடி அதே ஊதாவைக் காட்டியது. ஒன்பது தடவை ஆஃப், ஒன்பது தடவை ஆன். இருபத்திரண்டு வருட மந்திரம் சொந்த வீட்டில் பலிக்கவில்லை.

அடுத்த நாள் ஆபீஸிலிருந்து அந்தப் பத்துக் கேள்வித் தாளை எடுத்து வந்தார். தனக்குத்தானே போன் செய்துகொள்கிறவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒவ்வொரு கேள்வியாக வாசித்து எதிரே பேனாவால் பதில் எழுதினார். பிளக் சரியாக உள்ளதா? ஆம். கேபிள் தளர்ந்துள்ளதா? இல்லை. வேறு கேபிள் மாற்றிப் பார்த்தீர்களா? எழுந்து போய் மாடி வீட்டுக்காரரிடம் கேபிள் இரவல் வாங்கி, மாற்றிப் பார்த்துவிட்டு வந்து, ஆம் என்று எழுதினார். பட்டன்கள் அழுத்திப் பார்த்தாயிற்று, தூசு துடைத்தாயிற்று. ஆறு கேள்விகளுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. ஏழாவதை மட்டும் ஒரே மூச்சில் வாசித்தார்.

"அருகில் காந்தம் உள்ள பொருள் ஏதேனும் உண்டா. இல்லை. எட்டாவது."

கழுத்தில் இஞ்சு டேப்போடு வாசற்படியில் நின்ற அம்மணி மெதுவாகக் கேட்டார். "ஏழு ரொம்பச் சீக்கிரம் முடிஞ்சுடுச்சே?"

"அது சும்மா ஒரு சம்பிரதாயத்துக்குக் கேக்கறதும்மா. இருபத்திரண்டு வருஷத்துல ஒருத்தர்கூட ஆமான்னு சொன்னதில்லை. நானே இப்பெல்லாம் இல்லைன்னு போட்டுட்டு மேலே போயிடுவேன்."

"அதுக்கில்லை, ஒரு தடவை கேட்டுட்டு..."

"தொழில் தெரிஞ்சவன் பேசறப்போ குறுக்கே பேசக் கூடாது."

"சரிங்க" என்றார் அம்மணி. இது இரண்டாவது.

எட்டும் ஒன்பதும் கைவிட்டன. பத்தாவது கேள்வி, 'சாதனத்தை வேறு இடத்தில் வைத்துப் பார்த்தீர்களா?' சார் மானிட்டரை மார்போடு அணைத்துக்கொண்டு, குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக் கூடத்துக்குக் கொண்டுபோனார். கம்ப்யூட்டரையும் கொண்டுபோய் மாட்டினார். ஆன் பண்ணினார். ட்டொய்ங். ராணி பளிச்சென்று சிரித்தாள். ராஜாவின் தாடியும் பழைய நிறத்துக்கு வந்திருந்தது.

சாருக்குத் தலைகால் புரியவில்லை. மறுபடி ஜன்னல் அறைக்குக் கொண்டுபோய் வைத்தார். ஊதா. கூடம். சரி. ஜன்னல் அறை. ஊதா. மறுபடி கூடத்துக்கு வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, வாசல் கதவு வழியாகத் தெருமுனையில் இருந்த டிரான்ஸ்ஃபார்மர் கண்ணில் பட்டது. உடனே அவர் முகத்தில் ஒரு ஒளி வந்தது.

"கண்டுபிடிச்சுட்டேன். அந்த டிரான்ஸ்ஃபார்மர்தான். அதிலேர்ந்து வர்ற அலை நேரா அந்த ஜன்னல் வழியா உள்ளே பாயுது. மானிட்டர்ல ஒண்ணுமில்லை, கோளாறு ரூம்லதான்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவர் காதில் விழுந்தது. அம்மணி கழுத்திலிருந்த டேப்பைச் சுருட்ட ஆரம்பித்தார். கேபிளைத் திரும்ப வாங்கிப் போக வந்திருந்த மாடி வீட்டுக்காரர்தான் பேசினார். "அப்போ அந்த ரூம் ஒத்துக்கலைன்னு ஆயிடுச்சு. வாங்க சார், மேஜைக்கு அந்தப் பக்கம் நான் பிடிக்கிறேன்."

கொடுத்த வாக்கு, அதுவும் சாட்சியோடு கொடுத்த வாக்கு. கூடத்தில் மேஜை போட்டால் கதவைத் திறக்க முடியாது. மிச்சமிருந்த இடம் நடை ஒன்றுதான். அரை மணி நேரத்தில் தையல் மெஷின் ஜன்னலடிக்கும், சாரின் மேஜை டியூப் லைட்டடிக்கும் போய்ச் சேர்ந்தன. கண்டுபிடிப்பின் பெருமை அறை போன வருத்தத்தைத் தின்றுவிட்டது. அன்றே உட்கார்ந்து மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஏழாவது கேள்வியால் யாருக்கும் பயனில்லை, அதை நீக்கிவிட்டு 'ஜன்னலுக்கு வெளியே டிரான்ஸ்ஃபார்மர் தெரிகிறதா?' என்று சேர்க்கலாம் என்று ஆலோசனை. மேலாளர் நல்ல மனிதர், எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர். புதிய தாள் அடுத்த வாரமே அச்சாகி எல்லோர் மேஜைக்கும் வந்துவிட்டது.

நடையில் ஆராய்ச்சி அவ்வளவு சுகப்படவில்லை. திரை சமையலறையைப் பார்த்து இருந்தது. எந்தச் சீட்டை எடுக்கிறார் என்பது அடுப்படியிலிருந்தே தெரியும். "அந்தச் சிவப்பு எட்டை விட்டுட்டீங்களே" என்று குரல் வரும். கூடவே உரிக்க வேண்டிய பூண்டும் வரும்.

ஞாயிற்றுக்கிழமை காலை சார் அச்சான தாளைக் கையில் பிடித்துக்கொண்டு அம்மணியிடம் காட்டப் போனார். ஜன்னல் அறையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். திரைச்சீலை ஒதுக்கிக் கட்டியிருந்தது. வெயில் தரையெல்லாம் கிடந்தது. கருநீலப் பட்டி வைத்த சீருடைகள் வரிசையாகத் தொங்கின; இருபத்தேழு முடிந்திருந்தன. கண்ணைச் சுருக்காமல் அம்மணி தைத்துக்கொண்டிருந்ததை அவர் பார்த்துப் பல வருடங்களாகிவிட்டன. அவருக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. இதை முன்னாலேயே செய்திருக்கலாம் என்று தோன்றியது.

அந்த நல்ல எண்ணம் முழுசாக மனசில் இறங்குவதற்குள் அம்மணியின் முழங்கை பட்டு ஊசி டப்பா கவிழ்ந்தது. குண்டூசிகள் தரையெங்கும் சிதறின. அம்மணி எழுந்திருக்கவே இல்லை. கையை மட்டும் பின்னால் நீட்டி, ஒதுக்கிக் கட்டிய திரைச்சீலைக்குள் விட்டு, ஜன்னல் கம்பியிலிருந்து எதையோ 'டப்'பென்று பிடுங்கி எடுத்தார்.

சாஸர் அளவு காந்தம்.

சார் காந்தத்தைப் பார்த்தார். ஜன்னல் கம்பியைப் பார்த்தார். மேஜை இருந்த இடத்தில் தரையில் பதிந்திருந்த நான்கு கால் தடங்களைப் பார்த்தார். ஒரு சாண் தூரம்கூட இல்லை.

"இது இங்கே எத்தனை நாளா இருக்கு?"

"நீங்க அந்த ரூமைத் தர மாட்டேன்னு சொன்ன அன்னிக்கு, வெளிச்சத்துல ஊசி கோக்கலாம்னு வந்தேன். அப்போ கம்பியில ஒட்ட வச்சது. தெரியாமத்தான் மறந்துட்டுப் போயிட்டேன்."

"அடுத்த நாள்?"

"அடுத்த நாள் மறக்கலை."

சார் கையிலிருந்த புதிய தாளை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அம்மணி."

"சொல்லத்தாங்க வாசற்படியில நின்னேன். நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே இல்லைன்னு எழுதிட்டீங்க." அம்மணி மெஷினை மறுபடி ஓட்டத் தொடங்கினார். காந்தத்தை அவர் பக்கம் நீட்டினார். "தொழில் தெரிஞ்சவங்கதானே, கீழே கிடக்கறதைக் கொஞ்சம் பொறுக்கிக் கொடுத்துட்டுப் போங்க."

"சரிங்க" என்றார் ஆஃப்-ஆன் சார்.