களியை மென்ற உபதேசியார்

தர்மபுரிப் பக்கம் சத்தம் போட்டுப் பேசுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இண்டூரில் வாயைத் திறந்தால் ஏரியூரில் தொட்டில் குழந்தை விழித்துக்கொண்டு அழும் என்றால், அது தகரக்குழாய் உபதேசியார் ஒருவர்தான். அந்தத் தொண்டை போதாதென்று வாயில் ஒரு தகரக் குழாய் வேறு!

முப்பதுகளின் கடைசியில் நான் இண்டூர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். திருநீறு பூசுகிற நானும், கிறிஸ்து வேதம் சொல்லத் திருநெல்வேலியிலிருந்து வந்த அவரும் ஒரே வீட்டில் ஆளுக்கோர் அறையில் குடியிருந்தோம். காரிமங்கலம் சந்தையில் அவர் குழாயைத் தூக்கினால் கூட்டம் அலைமோதும். "டூரிங் டாக்கீஸ்காரருங்களா? இன்னைக்கு என்னா படமுங்க?" என்று கேட்பார்கள். "ஆண்டவர் வாராரு!" என்பார் இவர். "தரை டிக்கெட் உண்டுங்களா?" என்பார்கள்.

உண்மையில் அந்தக் குழாய் சந்தைக்காகச் செய்தது இல்லை. ஊருக்கு வெளியே ஓடைக்கு அந்தப் பக்கம் சேரி. எல்லாரும் ஒரே தகப்பன் பிள்ளைகள் என்று அந்த ஜனங்களுக்குச் சொல்ல மனுஷருக்கு ஆசையோ ஆசை. ஓடையைத் தாண்டத்தான் மனசு வரவில்லை. அவர் தாத்தா காலத்திலேயே வேதத்தில் சேர்ந்த குடும்பம். ஆனாலும் சாதி மட்டும் அவரோடு கூடவே ரயிலேறி வந்திருந்தது. அதனால் இந்தக் கரையில் நின்றுகொண்டு குழாயில் கத்துவார். தண்ணீர்கூடச் சொந்தச் செம்பில்தான் குடிப்பார்.

ஒருநாள் அக்கரையிலிருந்து முனியம்மா என்கிற பெண்பிள்ளை, குழாய் இல்லாமலே அவரைவிடச் சத்தமாகக் கேட்டாள்.

"ஐயா, ஒரே அப்பன் புள்ளைங்கன்னா அங்கியே ஏனுங்க நிக்கறீங்க? ஞாயித்துக்கெழமை எங்க வூட்டுக்கு வந்து ஒரு வாய் களி துன்னுங்க. நாங்க அத்தன பேரும் உங்க சாமியக் கும்புடறோம். வரலியா, இனிமே இந்தப் பக்கம் வந்து கத்தாதீங்க. எங்க கோழி அடையில குந்த மாட்டேங்குது!"

அந்த வாரம் முழுக்க மனுஷருக்குச் சோறு இறங்கவில்லை.

"வே வாத்தியாரே, மூத்தவளுக்கு இப்பத்தான் சம்பந்தம் பேசி முடிச்சிருக்கு. சேரியில சாப்பிட்டேன்னு தெரிஞ்சா மாப்பிள்ளை வீட்டான் என் மூஞ்சியில முழிப்பானா?"

"அப்போ போகாதீங்க."

"போகலைன்னா இத்தன நாளு நான் சொன்னதெல்லாம் பொய்யின்னு ஆயிராதாவே?"

"அப்போ போங்க."

"ஏதாவது ஒண்ணச் சொல்லித் தொலையும்வே!"

ஞாயிற்றுக்கிழமை போனார். வேடிக்கை பார்க்க நானும் போனேன். ஓடையில் கணுக்கால் தண்ணீர்தான். சமுத்திரத்தில் இறங்குகிறவர் மாதிரி வேட்டியைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார்.

முனியம்மா வீட்டு வாசலில் பாய் விரித்திருந்தது. ஆவி பறக்கும் கேழ்வரகுக் களி, கொள்ளுக் குழம்பு. சேரி மொத்தமும் சுற்றி நின்று அவர் வாயையே பார்த்தது. எங்கள் பக்கத்தில் களியைக் கிள்ளி, குழம்பில் தோய்த்து, அப்படியே விழுங்குவோம், பல்லே படக்கூடாது. அரிசிச் சோற்றுக்காரருக்கு அதெல்லாம் எங்கே தெரியும், பாவம்! கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெரிய கவளத்தைப் போட்டு, மரியாதையாக, நன்றாக மென்றார்.

அவ்வளவுதான். மேலண்ணத்தில் கொஞ்சம், கடைவாயில் கொஞ்சம், மீதி தொண்டையில். அத்தனை பெரிய வாயிலிருந்து "ம்ம்ம்" என்று கன்றுக்குட்டி மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. விழி பிதுங்கிவிட்டது.

"ஐயையோ, மெல்லாதீங்க! முழுங்குங்க!" என்று அலறிக்கொண்டே ஓடிவந்த முனியம்மா, பதற்றத்தில் அவர் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள்.

களி இறங்கியது. முனியம்மா தன் கையைப் பார்த்தாள். சட்டென்று அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். அந்தக் காலத்தில் அந்தக் கை மேல்சாதிக்காரர் மேலே பட்டால் என்னென்ன நடக்கும் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

உபதேசியார் மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தார்.

"ஏன் தாயி நிறுத்திட்ட? பாதிதான் எறங்கிருக்கு. இன்னொண்ணு போடு!"

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. அன்றைக்குப் பிரசங்கமே நடக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. முனியம்மா சொன்ன சொல் தவறவில்லை. அத்தனை பேரும் வேதத்தில் சேர்ந்தார்கள்.

சேதி திருநெல்வேலிக்குப் போய்ச் சேர எத்தனை நேரம் ஆகும்? சம்பந்தம் முறிந்தது. உபதேசியார் குலுங்கிக் குலுங்கி அழுதார்; பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் தாங்கவில்லை. விஷயம் காதில் விழுந்து முனியம்மா எங்கள் தெருவுக்கே வந்துவிட்டாள். வாசலுக்குத் தள்ளி நின்று, "எங்களாலதானேங்க உங்க பொண்ணு கண்ணாலம் நின்னுபோச்சு" என்று விம்மினாள்.

"மாப்பிள்ளை வேற கெடைப்பான் தாயி. வெயில்ல நிக்காத, உள்ள வந்து உக்காரு" என்றார். கையைப் பிடித்து அழைத்துவந்து நாற்காலியில் உட்கார வைத்தார். வீட்டில் இருந்ததே ஒரு நாற்காலி, அதுவும் என்னுடையது!

தெரு கூடிவிட்டது. வீட்டுக்காரர் வந்து, உபதேசியாரை அந்த நிமிஷமே காலி பண்ணச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க இருங்க வாத்தியாரே, உங்களுக்கும் இதுக்கும் என்னாங்க?" என்றார்.

நான் உள்ளே போய் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து தெருவில் இறங்கிவிட்ட உபதேசியார் பக்கத்தில் நின்றேன். அப்பேர்ப்பட்ட மனுஷரை விட்டுவிட்டு எனக்கு அங்கே என்ன வேலை?