மச்சான், அந்தத் துண்டைக் கிழித்து எறியுங்கள்

சாய்ந்தமருது,
செவ்வாய்க்கிழமை.

அன்பின் மச்சான் அபூசாலி அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஒலுவிலில் நீங்களும் என் தங்கையும் நலமாக இருக்க துஆச் செய்தபடி எழுதுகிறேன். உங்களுக்கும் இதயம் பலவீனம் என்று கண்டு, உடற்பயிற்சி வகுப்புக்கு டொக்டர் துண்டு எழுதித் தந்திருக்கிறார், போவதா விடுவதா என்று கேட்டிருந்தீர்கள். வாட்ஸ்அப்பில் பதில் சொன்னால் உங்கள் வீடு முழுக்கக் கேட்கும் என்பதால் இந்தக் கடிதம். போகவே வேண்டாம்!

மூன்று மாதத்துக்கு முன் அதே துண்டை எனக்கும் தந்தார்கள். இதயம் களைத்தவனை ஓய்வெடுக்கச் சொல்வதுதானே நியாயம்? "படுத்தே கிடந்தா இன்னும் களைக்கும், வாங்க" என்கிறார் டொக்டர். போனால், என் பேத்தி வயதில் ஒரு மிஸ், கதிரையில் இருங்கள், எழும்புங்கள், மறுபடி இருங்கள் என்கிறாள். நாற்பது வருடம் தபாலதிபராகக் கதிரையில் இருந்தவனுக்கு இருக்கப் பழக்குகிறார்கள்! பக்கத்தில் மீன் விற்கும் வல்லியம்மை பன்னிரண்டு தரம் எழும்புகிறாள், நான் ஏழு. "மெல்லமாச் செய்யுங்க சேர்" என்று எனக்கு ஆறுதல் வேறு.

போன கிழமையிலிருந்து வெளியிலும் அரை மணி நேரம் நடக்க வேண்டுமாம். இந்த ஊரில் ஒரு மனுசன் நடக்க முடியுமா? வீட்டு வாசல் படலையைத் தாண்டவில்லை, ஜெஸீம் மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறான். "என்ன சேர், நடந்து போறீங்க? ஏறுங்க!" வேண்டாம் என்றால், "என்ட பைக்குல ஏற மாட்டீங்களா?" என்று முகம் கறுக்கிறான். ஏறினேன். பள்ளிவாசலடியில் இறக்கினான். அங்கே நின்ற றிஸ்மி தன் ஓட்டோவில் ஏற்றி, வந்த வீட்டுக்கே கொண்டுவந்து விட்டான். அன்று நான் நடந்தது முப்பது அடி!

மறுநாள் கடற்கரைப் பக்கமாக ஒளித்து ஒளித்து நடந்தேன். அதை அடுத்த வீட்டு அஸீஸா கண்டுவிட்டாள். மகள் றிப்னாவுக்கு வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு அவளோடுதானே இருக்கிறேன். "ஊட்ட எழுதி எடுத்துப்போட்டு, வருத்தக்கார வாப்பாவ றோட்டுல உட்டுட்டாள்" என்ற கதை அஸர் தொழுகைக்குள் மாவடிப்பள்ளி ஊர் வரை போய்விட்டது. ஆப்பிளோடு சுகம் விசாரிக்க வந்த றாஸிக், நான் நடப்பதைக் கண்டு, "உங்களுக்குத்தான் சுகமாயிட்டே" என்று பையோடு திரும்பிவிட்டான். றிப்னா அழுதழுது என் சப்பாத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். இத்தனை மானக்கேடும் ஒரு துண்டுக் கடதாசியால். கிழித்து எறிந்துவிட்டுப் படுத்திருங்கள்.

தங்கைக்கு என் ஸலாம். அல்லாஹ் நம் இருவருக்கும் நீண்ட ஆயுளைத் தருவானாக.

இப்படிக்கு,
மச்சான் ஸைனுலாப்தீன்

பி.கு.: இதைத் தபாலகத்தில் வைத்து எழுதுகிறேன். ஒட்டிய உறையை நானே பிரித்துவிட்டேன்; உத்தியோகத்தில் இருந்த காலத்தில் ஒருநாளும் செய்யாத குற்றம். கோபத்தில் வெறும் செருப்போடு நடந்தே புறப்பட்டேன். ஜெஸீமை ஏசித் துரத்தினேன். கவுண்டரில் இருந்த பிள்ளை கதிரை தந்தபோதுதான், வழியில் எங்கும் களைப்பாற நான் நிற்கவில்லை என்பது தெரிந்தது. மூன்று மாதத்துக்கு முன் குளியலறைக்குப் போகவே சுவரைப் பிடித்தவன் நான். துண்டைக் கிழித்திருந்தால் ஒட்டிக்கொண்டு வாருங்கள். மிஸ்ஸிடம் இப்போதே போன் போட்டு உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன். வந்துவிடுங்கள் மச்சான். நீங்கள் மௌத்தாகிப் போனால் நான் யாருக்குக் கடிதம் எழுதுவது?