சாப்பாட்டு அறையில் முகமில்லாத ஆள்

என்ன ஆனாலும் சரி, இந்தக் குளிர்காலத்தில் வண்டி சாப்பாட்டு அறையை விட்டு நகராது என்று டெல்மர் குரோனிங் முடிவெடுத்துவிட்டார். மனைவி ஆர்லிஸ் அப்போது வீட்டில் இல்லை. அதனால் முடிவு ரொம்ப உறுதியாகவே வந்தது.

அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்து ஏரிக்கரைப் பக்கம், பழைய மோட்டார் சைக்கிள் பைத்தியம் பிடித்தவர்கள் எல்லாருக்கும் இந்த வியாதி உண்டு. நவம்பர் பிறந்ததும் வண்டியைத் துடைத்து வீட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள். கொட்டகையில் விட்டால் குளிரில் துரு பிடிக்குமாம். மனுஷிக்குத் துரு பிடிக்காது பாருங்கள், அதனால் வருஷா வருஷம் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை வான்கோழியை ஆர்லிஸ் அடுப்படியில் நின்றபடியே தின்றுகொண்டிருந்தாள்.

"இந்த வருஷமாவது எங்க அண்ணன் குடும்பம் மேஜையில உட்கார்ந்து சாப்பிடணும்" என்றாள், வீடு திரும்பியதும்.

"மேஜையைக் கொட்டகையில போடு. மேஜைக்குக் குளிராது."

ஆர்லிஸ் சண்டை போடவில்லை. அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். மனுஷர் கோட்டை விட்டார்.

மறுநாள் சாயங்காலம் சர்ச்சில் நடந்த பழைய சாமான் விற்பனைக்குப் போய்விட்டு வந்தவள், உள்ளங்கை அகலத்தில் ஒரு தகட்டை அவர் முன்னால் வைத்தாள். மெல்லிய தகரத்தில் கருப்பாக விழுந்த புகைப்படம். ஒரு மோட்டார் சைக்கிள்.

"உங்க மோட்டார் சைக்கிள் கிளப்பே உங்களைத்தான் கேட்குமே, இதுக்கு வருஷம் சொல்லுங்க பார்க்கலாம்."

இதைவிட வேறென்ன வேண்டும்? பூதக்கண்ணாடி வந்தது. மேஜை விளக்கு வந்தது.

"முன் சக்கரத்துல பிரேக் இல்லை. அப்போ இருபத்தெட்டுக்கு முந்தி. பெட்ரோல் டாங்க் முனை சரிவா இறங்குது. அப்போ இருபத்தஞ்சுக்குப் பிந்தி. ஹெட்லைட்டைப் பாரு, ஹாரனைப் பாரு... ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறு! எழுதி வெச்சுக்கோ! நம்ம வண்டியும் அதே வருஷம்தான்!"

"வண்டி இருக்கட்டும். அந்த ஆள் யாரு?"

"எந்த ஆள்?"

சத்தியமாக அவர் அதுவரை ஆளைப் பார்க்கவில்லை. பார்த்தார். வண்டிமேல் சாய்ந்தாற்போல் ஒருவன். நீளக் கோட்டு, முழங்கால் வரை பூட்ஸ். தொப்பி இருந்தது, காலர் இருந்தது. நடுவில் முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் புகை.

வெளியே நாலரை மணிக்கே இருட்டிவிட்டது. ஏரிக்காற்று ஜன்னலைப் பிடித்து உலுக்கியது. பக்கத்து அறையில் வண்டியிலிருந்து எண்ணெய் ஒரு சொட்டு விழுந்தது. பழைய வண்டி என்றால் எண்ணெய் சொட்டத்தான் செய்யும். ஆனால் இன்றைக்கு அந்தச் சத்தம் அவர் முதுகுத்தண்டில் விழுந்தது.

"டாங்க்ல ஒரு நசுங்கல் இருக்கே. நம்ம வண்டியிலயும் அப்படி ஒண்ணு இல்லை?" என்றாள் ஆர்லிஸ், சாதாரணமாக.

டெல்மர் படத்தோடு அந்த அறைக்கு ஓடினார். அதே நசுங்கல். அதே பிறைநிலா வடிவம். ஆனால் வண்டியில் அது இடது பக்கம், படத்தில் வலது பக்கம். உதைத்துக் கிளப்பும் மிதியும் பக்கம் மாறியிருந்தது.

கிளப் தலைவர் வெர்லினுக்கு போன் போட்டார்.

"அந்தப் பக்கம் மிதியா? அப்படி ஒரு வண்டி பொறக்கவே இல்லை, டெல்மர்" என்றார் வெர்லின்.

டெல்மர் போனை வைத்தார்.

"நமக்கு இந்த வண்டியை வித்த அம்மா, அவங்க வீட்டுக்காரர் எப்படிப் போய்ச் சேர்ந்தார்னு சொன்னாங்களா?" என்று கேட்டாள் ஆர்லிஸ்.

"கார்புரேட்டர் ஒரிஜினல்னு சொன்னாங்க."

"நீங்க கேட்கலையா?"

"கார்புரேட்டரைப் பார்த்த பிறகு வேற என்னத்தைக் கேட்கச் சொல்றே?"

ஆர்லிஸ் பெருமூச்சு விட்டாள். "எங்க சித்தி சொல்லுவாங்க, போனவங்க கண்ணாடிக்கு அந்தப் பக்கமா நின்னுதான் நம்மளைப் பார்ப்பாங்களாம். அவங்களுக்கு இடமெல்லாம் வலமாத் தெரியுமாம். சரி, சூப் ஆறுது, வாங்க."

சூப் இறங்குமா? அதன்பிறகு டெல்மர் அந்த அறை வாசலைக் கடக்கும்போதெல்லாம் சுவரோரமாக ஒட்டிக்கொண்டு போனார். சீட்டுத் தோல், யாரோ இப்போதுதான் எழுந்து போனாற்போல் குழிந்திருந்தது. காலையில் அதில் உட்கார்ந்து காபி குடித்தது தாம்தான் என்பது பயத்தில் மறந்தே போயிற்று. வண்டியை மூடிவைத்த போர்வை தரையில் கிடந்தது. அதைத் தொட்டு எடுக்க மனசு வரவில்லை.

அவருக்குப் பயமும் இருந்தது, அழுகையும் வந்தது. உயிருக்குயிரான வண்டி. ஆனால் உயிர் என்று வரும்போது அவருக்குத் தம்முடையதுதான் ஒரிஜினல்.

"ஆர்லிஸ், உங்க அண்ணன் கோர்டி கொட்டகையில இடம் இருக்குமா?"

"வண்டிக்குக் குளிருமே?"

"குளிரட்டும்."

"துரு?"

"பிடிக்கட்டும்! இன்னிக்கே வரச் சொல்லு!"

கோர்டி வந்தார், வண்டியை டிரெய்லரில் ஏற்றினார், போனார். இரண்டே மணி நேரத்தில் சாப்பாட்டு அறையில் மேஜை, மேஜைமேல் விரிப்பு, விரிப்புமேல் பூ.

தேங்க்ஸ்கிவிங் அன்று சொந்தபந்தம் எல்லாம் வந்துவிட்டது. சாப்பிடும் முன்னால் கோர்டி எல்லாரையும் முற்றத்தில் வரிசையாக நிறுத்தி, முக்காலியில் ஒரு மரப்பெட்டிக் கேமராவை வைத்தார்.

"யாரும் அசையாதீங்க, அசைஞ்சா கலங்கலா விழும்! தகரப் படம். பழைய காலத்து முறை. இந்த வருஷம்தான் கத்துக்கிட்டேன்."

கொஞ்ச நேரத்தில், மருந்து வாடையோடு ஒரு தகடு கைமாறி டெல்மரிடம் வந்தது. அவர் ஆர்லிஸுக்கு வலப்பக்கம் நின்றிருந்தார். படத்தில் அவளுக்கு இடப்பக்கம் நின்றார்.

"தகரப் படத்துல எப்பவும் அப்படித்தான், மச்சான். இடம் வலம் மாறி விழும்" என்றார் கோர்டி.

டெல்மர் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் கிரான்பெர்ரிச் சட்னியைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தப் படம்..."

"போன ஜூன் மாசம். உங்க கிளப் கூட்டத்துல பழங்காலத்துக் கோட்டும் பூட்ஸுமா எல்லாரும் திரிஞ்சீங்களே, அன்னிக்கு கோர்டி எடுத்தது."

"பேய்னு சொல்லி என்னை ஏமாத்திட்டியே!"

"நான் எங்கே சொன்னேன்? ஆள் யாருன்னுதான் கேட்டேன். இருபத்தாறாம் வருஷம்னு அடிச்சுச் சொன்னது நீங்க."

"அப்போ அந்த முகம்? முகம் ஏன் இல்லை?"

"மத்தியானம் வயிறு முட்டத் தின்னுட்டு வண்டிமேலயே சாய்ஞ்சு தூங்கிட்டீங்க. உடம்பெல்லாம் நல்லாத்தான் விழுந்துச்சு; நீங்க விட்ட குறட்டையில தலைதான் ஒரு இடத்துல நிக்கலை."