சிவப்பு மை அக்காவும் என் கம்ப்யூட்டரும்

கோவில்பட்டி வட்டாரத்தில் காய்ச்சல் கண்ட அத்தனை பேரையும் தெரிந்த ஒரே மனுஷி சிவப்பு மை அக்காதான். கலெக்டர் ஆபீஸில்கூட அவ்வளவு விவரம் கிடைக்காது.

எங்கள் ஆஸ்பத்திரியின் பதிவு அறை அவர் ராஜ்ஜியம். சீட்டில் பெயர், வயது எல்லாம் எழுதிவிட்டு, சிவப்புப் பேனாவை எடுப்பார். ‘மருமகளோடு பேச்சு இல்லை, மாத்திரை எடுத்துத் தர ஆள் கிடையாது’ என்று அடியில் குறித்து வைப்பார். அவர் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்லியே வேர்த்துக் கொட்டி, டாக்டரிடம் போவதற்குள் பாதிப் பேருக்குக் காய்ச்சல் இறங்கிவிடும்.

சீட்டுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். பெயர், வயது, ஊர், நோய், ஒவ்வாமை. ஐந்து கட்டம் போதும் என்றேன்.

“சிவப்பு மைக்கு எங்கன தம்பி இடம்?”

“அது வேண்டாம்க்கா. கம்ப்யூட்டரே எல்லாத்தையும் பாத்துக்கிடும்.”

“அது யாரு மூஞ்சியப் பாத்துச்சு?”

பெயர், வயது, ஊர் மூன்றும் ஒத்துப்போய் ஒரே ஆளுக்கு இரண்டு சீட்டு இருந்தால், புதியதை வைத்துக்கொண்டு பழையதைக் கழிக்கவும் அதற்குச் சொல்லிக் கொடுத்தேன். அலமாரி பாதி காலியானதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

அந்த வாரமே இடைசெவல் பக்கமிருந்து பெரியசாமி என்பவர் வந்தார். காலில் பருத்திமார்க் குச்சி குத்திச் சீழ் பிடித்திருந்தது. திரையில், ஒவ்வாமை இல்லை. நர்ஸ் சிரிஞ்சில் மருந்தை ஏற்றி, குத்தப் போனார். அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினார்.

“நில்லுங்கம்மா. அண்ணாச்சி, காதக் காட்டுங்க.”

இடது காது கிழிந்திருந்தது.

“இவியளும் இவிய சித்தப்பா மவனும் ஒரே ஊரு, ஒரே வயசு. ரெண்டு வீட்லயும் தாத்தா பேர வச்சிருக்காவ. காது கிழிஞ்ச இவியளுக்குத்தான் போன தடவ இந்த ஊசியில மூச்சு முட்டிச்சு.”

பெரியசாமி காதைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார். “ரெண்டு பேருல ஒருத்தன் போதும்னு முடிவு பண்ணிட்டியளாக்கும்?”

கழித்துக் கட்டி வைத்திருந்த சீட்டுகளையெல்லாம் அக்காவோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தேன். ஆறாவதாக, ‘வேறு விவரம்’ என்று ஒரு கட்டமும் போட்டேன்.

இப்போது பதிவுகளைத் தானே படித்து டாக்டரை எச்சரிக்கும் செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. பொருத்த வந்த பொறியாளர், “சார், இது அந்த ஆறாவது கட்டத்துலேர்ந்துதான் நிறைய கண்டுபிடிக்குது” என்று வியந்தார். நான் வியக்கவில்லை. இதைவிடக் கெட்டிக்கார இயந்திரம் நாளை வரலாம். அதற்கும் யாராவது முகத்தைப் பார்த்துக் கேட்டு எழுதித்தான் தரவேண்டியிருக்கும்.

அக்கா ஓய்வு பெற்றுவிட்டார். போன மாதம் சர்க்கரைக்குக் காட்ட வந்தவரை நான்தான் பதிந்தேன். கண்ணாடியைக் கொண்டுவராமல் திரையை எட்டிப் பார்த்தார்.

“ஆறாவதுல என்ன தம்பி போட்டிருக்கீய?”

“ஒண்ணுமில்லக்கா.”

சிவப்பு எழுத்தில் அடித்திருந்தேன்: ‘தன் வலியைச் சொல்ல மாட்டார். உட்காரவைத்துக் கேட்கவும். எங்களுக்கு ரொம்ப வேண்டியவர்.’