முதல் படிக்கு லாபம் சொன்ன குற்றம்

ராமாபுரம் மாப்பிள்ளை தொட்டையன் அவர்களுக்கும் என் தங்கை சாமியாத்தாளுக்கும், மைசூரிலிருந்து அய்யாசாமி சொல்ல, அயர்ன் கடை சேகரன் எழுதுவது. அங்கே நீங்களும் பிள்ளைகளும் சினை மாடும் போர் மோட்டாரும் சௌக்கியமாக இருக்க மாதேஸ்வரன் அருள வேண்டும். இங்கே என் சௌக்கியம் போய்விட்டது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்பீர்கள். இந்த வீட்டில் சிக்னல் கிடைப்பது சமையலறை ஜன்னலில் மட்டும்தான், அங்கே மருமகள் வைஷாலி நிற்கிறாள்.

விஷயம் என்னவென்றால், என் மகன் உதயகுமாரின் மகள் சுசித்ரா எல்கேஜி படிக்கிறாள் அல்லவா, அவளுடைய பசம்மா மிஸ், பிள்ளைக்கு எண்ணை மனப்பாடம் பண்ண வைக்காதீர்கள், எண்ணோடு விளையாட விடுங்கள் என்று சொல்லிவிட்டார். அன்றோடு போச்சு என் நிம்மதி. கூடம் முழுக்க சாக்பீஸ் கட்டம், கட்டத்துக்கு ஒரு எண். நான் பாத்ரூம் போக வேண்டுமானால் மூன்றில் கால் வைத்து ஐந்துக்குத் தாவ வேண்டும். நேராக நடந்தால், "தாத்தா அவுட்டு!" என்று கத்துகிறாள், மறுபடி வாசற்கதவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சர்க்கரை வியாதிக்காரனுடைய அவசரம் அவளுக்கு என்ன தெரியும்? ஃப்ரிட்ஜில் ஒரு எண், பீரோவில் ஒரு எண், கண்ட இடமெல்லாம் ஒட்டிவைத்திருக்கிறாள். என் முதுகிலும் ஒன்று ஒட்டியிருந்தது தெரியாமல் அக்ரஹாரம் வரை நடந்துபோனேன். காப்பிக் கடைக்காரர் அதை டோக்கன் என்று நினைத்து, "எண்ட்டு நம்பரு, காப்பி தகோளி!" என்று கூப்பிடுகிறார். எட்டாம் நம்பர் நான்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்? காப்பி ஆறிப்போனது.

அப்புறம் எண் அட்டை விளையாட்டு. சுசித்ரா மிஸ், நான் மாணவன். எனக்கு எழுத்தும் எண்ணும்தான் படிக்கத் தெரியாதே ஒழிய மறதி கிடையாது. உங்கள் கல்யாணப் பந்தலில் விரித்த ஜமக்காளத்தில் ஓட்டை எந்த மூலையில் இருந்தது என்று இன்றைக்கும் சொல்வேன். அட்டையில் ஐந்துக்கு மஞ்சள் கறை, ஆறுக்குப் பல் கடித்த தடம், ஒன்பதில் சாம்பார். அதை வைத்து அத்தனையும் சரியாகச் சொன்னேன். வைஷாலி அசந்துபோய், "நம்ம மாமா எல்லாம் கத்துக்கிட்டாரு!" என்று அக்கம்பக்கமெல்லாம் சொல்லி, அந்தச் சந்தோஷத்தில் புது அட்டை வாங்கி வந்துவிட்டாள். ஒரு கறை இல்லை, மாப்பிள்ளை. வெள்ளை வெளேரென்று இருக்கிறது. நான் முழித்தேன். "தாத்தா, நீ யுகேஜிக்குப் போக மாட்டே, இங்கயே கூத்கோ" என்று குழந்தை என்னை மூலையில் உட்காரவைத்தாள்.

இதோடு விட்டிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். கடை விளையாட்டு என்று ஒன்று வந்தது. அவள் அட்டையைக் காட்டி எண்ணைச் சொன்னால், நான் அத்தனை டம்ளர் ராகி அளந்து போட வேண்டும். நீங்களே சொல்லுங்கள், களத்தில் ராகி அளக்கிறபோது முதல் படியை ஒண்ணு என்று சொல்லி யாராவது அளப்போமா? லாபம், ரெண்டு, மூணு என்றுதானே வாயில் வரும்? கையில் தானியம் பட்டதும் வாய் தானாகச் சொல்லிவிட்டது. பிள்ளை அதையே பிடித்துக்கொண்டாள்.

போன வாரம் பள்ளிக்கூடத்தில் பரீட்சை. எண்ணைப் பார்த்துச் சொன்னால்தான் யுகேஜி. பசம்மா மிஸ் ஒன்றைக் காட்டினாராம். "லாபா!" திரும்பக் காட்டினாராம். திரும்பவும் லாபா. சரி என்று பதினொன்றைக் காட்டினால், "லாபா லாபா!" "யாரு ஹேளிகொட்டித்து இது?" என்று கேட்டிருக்கிறார். யார் சொல்லிக்கொடுத்தது என்றால் பிள்ளை சும்மா இருக்குமா? "நம்ம தாத்தா!" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கிறாள். இன்னொரு வருஷம் எல்கேஜியிலேயே இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வைஷாலி வீட்டுக்கு வந்து, "மாமா, நீங்க சும்மா இருந்தாலே போதும்" என்றாள். வாய் நிறையத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அதற்கப்புறம் என்னோடு பேச்சில்லை. ராத்திரி சாப்பிடும்போது உதயகுமார், "எனக்கு ஒரு தோசை போதும்" என்றான். "லாபம் தோசைப்பா" என்று குழந்தை திருத்தினாள். யாரும் சிரிக்கவில்லை.

பேத்தியின் வருஷத்தைத் தின்றவன் என்ற பெயரோடு நான் இந்த வீட்டில் எப்படி இருப்பேன்? ஞாயிற்றுக்கிழமை கொள்ளேகால் பஸ்ஸைப் பிடித்து வந்து என்னை அழைத்துப் போங்கள். பையைக் கட்டிவிட்டேன். தனியாக வரலாம், ஆனால் பஸ்ஸில் போட்டிருக்கும் போர்டு சாக்பீஸ் கட்டத்தைவிட மோசம். தங்கைக்கு என் ஆசீர்வாதம். மாடு நல்லபடியாகக் கன்று போட வேண்டும். உங்களுக்கு மூட்டுவலி குறைய வேண்டும்.

இப்படிக்கு,
அய்யாசாமி (கைநாட்டு)

பின்குறிப்பு: சேகரன் கவரை ஒட்டுவதற்குள் வைஷாலி கடைக்கே தேடிவந்துவிட்டாள். வகுப்பில் ஒரு பிள்ளை பாக்கியில்லாமல் ஒன்றை லாபம் என்கிறதாம். சுசித்ரா இடைவேளையில் எல்லாருக்கும் கடை வைத்து, மணலை அளந்து சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அத்தனை பேரையும் எல்கேஜியிலேயே நிறுத்தினால் புதுப் பிள்ளைகளை எங்கே உட்காரவைப்பது? எல்லாரையும் யுகேஜிக்கு ஏற்றிவிட்டார்கள். "கெடுத்தவரே வந்து சரி பண்ணட்டும்" என்று பசம்மா மிஸ் திங்கட்கிழமை என்னை வகுப்புக்கு வரச் சொல்லியிருக்கிறாராம். வைஷாலி என் வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டு, இப்போதுதான் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

ஆகையால் என்னை அழைத்துப்போக வர வேண்டாம். வருவதானால் நம் இரும்புப் படியை எடுத்து வாருங்கள். டம்ளரில் அளந்தால் எனக்கு மரியாதையாக இருக்காது. ஊரில் யாராவது விசாரித்தால், அய்யாசாமி பள்ளிக்கூடம் போகிறான் என்று சொல்லுங்கள்.