கவர்மெண்டுக்கு நான் போட்ட பதில்கள்

சாம்பியன் ரீப்ஸ்,
கோலார் தங்கவயல்.
செவ்வாய்க்கிழமை, காலை டிபனுக்குப் பிறகு.

என்றும் அன்புள்ள மச்சான் மனோகருக்கு, உன் அக்கா வீட்டுக்காரன் தசரதன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அக்கா பார்வதம்மாவும் மகள் லதாவும் பேத்தி மம்தாவும் உடம்பளவில் நலம். அங்கு நீயும் உன் சம்சாரமும் பிள்ளைகளும் எல்லா அளவிலும் நலமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். ரூபேஷ் மாப்பிள்ளை லாரியில் நாசிக் பக்கம் போயிருக்கிறார், வர இன்னும் பத்து நாள் ஆகும்.

போன் இருக்கும்போது மாமா எதற்குக் காகிதம் வாங்கிக் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். என் போனை லதா பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். உன் அக்கா போனில் ஐந்தாம் நம்பர் அழுந்தாது, உன் நம்பரில் மூன்று ஐந்து இருக்கிறது. அதுவும் போக, இந்த விஷயத்தை வாயால் சொல்ல எனக்கு முடியாது. விஷயம் இதுதான்: ஒயிட்பீல்டு பக்கம் லதாவுக்கும் மம்தாவுக்கும் ஒரு சின்ன ரூம் பார்க்க வேண்டும். தாய்மாமன் நீதான் பார்க்க வேண்டும். அவர்கள் இரண்டு பேரும் இந்த வீட்டை விட்டுப் போகிற நிலைமைக்குக் காரணம் நான்தான். எப்படி என்று முழுசாகச் சொல்கிறேன், நீ பாதியில் சிரிக்கக் கூடாது.

லதா ஒயிட்பீல்டு பேக்கிங் கம்பெனிக்குப் போய்வருவது உனக்குத் தெரியும். விடியறதுக்குள் முதல் ரயில். திரும்பி சாம்பியன் ஸ்டேஷனில் இறங்கும்போது மம்தா தூங்கிப்போயிருக்கும். காலையில் குழந்தை கண் விழிக்கும்போது அம்மா மாலூர் தாண்டியிருப்பாள். ஏழு வயசுப் பிள்ளை, தன் அம்மாவுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் ஒரு சிலேட்டில் எழுதி வைத்துவிட்டுத் தூங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் அது அம்மாவைப் பகலில் பார்க்கும். லதா இப்படி ரயில் ஏறி நாலு வருஷம். அப்போதுதான் புது கவர்மெண்டு வந்து, தொழிற்சாலையும் சுரங்கமும் மூடிப்போன ஊர்களைத் தூக்கி நிறுத்துகிறோம் என்று 'ஹொச ஹெஜ்ஜே', அதாவது புது அடி என்று ஒரு உதவித் திட்டத்தை அறிவித்தது. ஊரிலேயே சின்னதாக ஒரு தொழில் தொடங்கினால் அடுப்பு, கல், மெஷின், வண்டி, எது தேவையோ அதை அவர்களே தருவார்கள். மனு எல்லாம் பேஸ்புக்கில். இந்த கவர்மெண்டு எதையும் காகிதத்தில் சொல்லாது, பல் தேய்ப்பதைக்கூட வீடியோ போட்டுத்தான் சொல்லும்.

லதா யோசனை கெட்டிக்கார யோசனை. ராத்திரி ரயிலில் இறங்குகிற பொம்பளைகள் ஒருத்திக்கும் வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டத் தெம்பு இருக்காது. ஸ்டேஷன் வாசலில் சூடாகச் சப்பாத்தியும் குருமாவும் கட்டிக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு போவார்கள். அவளே தினம் இறங்குகிறவள், அவளுக்குத் தெரியாதா? ரயிலில் உட்கார்ந்தே வீடியோ எடுத்து மனுவைப் போட்டுவிட்டாள். வேலை நேரத்தில் கம்பெனியில் போனைத் தொட விடமாட்டார்கள். அதனால் என் போனிலும் அவள் கணக்கைத் திறந்து கொடுத்து, "அப்பா, கவர்மெண்டு பேஜ்லேர்ந்து மெசேஜ் வரும். வந்தா ஒடனே பதில் போட்டுடு, லேட்டானா மனுவைத் தள்ளிடுவாங்களாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அங்கேதான் வந்தது வினை. நான் யார் என்று உனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷம் சாம்பியன் சுரங்க ஷாஃப்டில், ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜுக்கு மணி அடித்தவன். கீழே லெவலில் இருந்து மணி வந்தால் மேலே இருக்கிறவன் அதே மணியைத் திருப்பி அடிக்க வேண்டும். திருப்பி அடிக்காமல் கேஜ் ஒரு அங்குலம் நகரக் கூடாது. மணி அடித்துப் பதில் வராவிட்டால் கீழே இருட்டில் ஒருத்தன் நின்றுகொண்டே இருப்பான். என் சர்வீசில் ஒரு மணியையும் நான் பதில் இல்லாமல் விட்டதில்லை. இந்தக் கையில் போனையும் கொடுத்து பதில் போடு என்றும் சொன்னால் என்ன ஆகும்?

முதல் நாள் அமைச்சர் காலை வணக்கம் போட்டார், நானும் "வணக்கம் வந்து சேர்ந்தது, ஆறு பத்துக்கு" என்று போட்டேன். யுகாதி வாழ்த்து, மகளிர் தின வாழ்த்து, அமைச்சர் இளநீர் குடிக்கிற படம், எதையும் விடவில்லை. ஒரு பாலத்தைத் திறந்து வைத்துப் படம் போட்டார்கள். "பார்த்தேன். பாலம் நன்று. இடது பக்கக் கைப்பிடிக் கம்பி கோணலாக இருக்கிறது" என்று எழுதினேன். படத்தை எடுத்துவிட்டு மூணாம் நாள் வேற படம் போட்டாங்க, கம்பி நேரா இருந்தது. கம்பியை நிமித்தினாங்களா, படத்தை நிமித்தினாங்களான்னு எனக்கு இன்னி வரைக்கும் தெரியாது.

அதோட நிறுத்தியிருந்தா ஒண்ணும் இல்ல மச்சான். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் ஜனங்க எழுதியிருக்காங்க பாரு, நூத்துக்கணக்கில. தண்ணி வரல, தெருவிளக்கு எரியல, எங்க மனு இன்னா ஆச்சு. தமிழ்ல, கன்னடத்துல, தெலுங்குல. ஒருத்தருக்கும் பதில் இல்ல. அத்தனை பேரும் கீழ்லெவல்ல நின்னு மணி அடிக்கிறாப்பல இருந்தது எனக்கு. நெஞ்சு தாங்கல. கன்னடத்துல கேட்டவங்களுக்குக் கன்னடத்துல, தெலுங்குல கேட்டவங்களுக்குத் தெலுங்குல, எல்லாருக்கும் எழுதினேன்: "உங்கள் குறை வந்து சேர்ந்தது. ஆவன செய்யப்படும்." வீட்டுப் பட்டாவுக்கு நான் போட்ட மனுவுக்கெல்லாம் இருபது வருஷமா ஆபீஸ்ல இருந்து வந்த ஒரே பதில் அதுதான். வேற மரியாதையான பதில் எனக்குத் தெரியாது.

போட்டது நான். பேரும் படமும் யாருது? லதாது. கல்யாணத்துல எடுத்த படம், பட்டுச்சேலை, கழுத்து நிறைய நகை. பத்தே நாள்ல தாலுகா முழுக்க லதா மேடம்னு ஒரு ஆபீசர் வந்திருக்காங்க, அவங்க ஒருத்தங்கதான் பதில் போடறாங்கன்னு பேச்சு பரவிட்டது. ரயில்ல ஏறினா ஜன்னல் சீட்டை விட்டுக் குடுக்கறாங்களாம். பங்காரப்பேட்டையில ஒரு அம்மா ஏறி ரேஷன் கார்டை அவ மடியில வச்சு அழுதிருக்கு. கம்பெனியில சூப்பர்வைசர் இவ வந்தா எழுந்து நிக்கிறானாம், அவன் தம்பிக்கு டிரான்ஸ்பர் வேணுமாம். பாவம், இவளுக்கு ஒண்ணும் புரியல. மரியாதை தெரிஞ்ச காலம் வந்துட்டதுன்னு எங்கிட்ட சந்தோஷமா சொன்னா. எனக்கு லேசா சந்தேகம் தட்டுச்சு, வாயைத் திறக்கல.

பொறவு ஒருநாள் பேத்தமங்களாவில இருந்து ஒரு விவசாயி தக்காளிக் கூடையோட வாசல்ல வந்து நிக்கறார். ஏரிக் கால்வாய் அடைச்சுக்கிட்டு நிலத்துக்குத் தண்ணி ஏறலையாம், லதா மேடத்தைப் பாக்கணுமாம். மேடம் டூட்டியில கீறாங்கன்னு சொன்னேன், அது பொய்யில்ல. ஊர், சர்வே நம்பர் எல்லாம் நோட்டுல எழுதிக்கிட்டு அனுப்பினேன். கூடையைத் திருப்பி எடுத்துட்டுப் போங்கன்னு சொல்றதுக்குள்ள ஆளு பஸ் ஏறிட்டார். "கவர்மெண்டு ஆளுக்கு வந்த லஞ்சம் இது, தொடாதே"ன்னு உன் அக்காகிட்ட சொன்னேன். "நீ இன்னா கவர்மெண்டு? கம்முனு போ"ன்னுட்டு அவ தொக்கு கிண்டிட்டா. நல்லாத்தான் இருந்தது.

போன வாரம் மேலிடத்துல இருந்து மெசேஜ் வந்தது. அரசு அதிகாரி போல நடித்துப் பொதுமக்களுக்குப் பதில் அளித்ததற்காகக் கணக்கு முடக்கப்படுகிறது, உதவி மனு விசாரணை முடியும் வரை நிறுத்தி வைக்கப்படுகிறது. அதை லதா ரயில்ல வரும்போது படிச்சிருக்கா. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழட்டல. நான் எல்லாத்தையும் ஒப்புக்கிட்டேன். திட்டுவான்னு பாத்தேன், திட்டல. "அப்பா, நீ மணி அடிச்ச அந்த ஷாஃப்டை மூடி எத்தனை வருஷம் ஆவுது?"ன்னு மட்டும் கேட்டா. அப்புறம் பாயில உக்காந்து மம்தா தலையைத் தடவிக்கிட்டே, "என்னால இனிமே இந்த ரயில் முடியாதுப்பா. மாமாகிட்ட சொல்லி அங்கயே ஒரு ரூம் பாக்கச் சொல்லு"ன்னா. நான் அழுதேன் மச்சான், மறைக்க இன்னா இருக்கு. ஆசையா ஒண்ணு கேட்ட பொண்ணுக்கு அதைக் கெடுத்துக் குடுத்தது நான்.

சும்மா உக்கார முடியல. ஞாயித்துக்கிழமை நந்திதுர்க் மைதானத்துல அமைச்சரோட நேரலைக் கூட்டம்னு சொன்னாங்க. மன்னிப்பு மனு ஒண்ணு எழுதி எடுத்துக்கிட்டுப் போனேன். மேடையில அமைச்சர், கீழே நாலு கேமரா. சின்னச் சின்னப் பிள்ளைங்க போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஓடுதுங்க. அமைச்சர் திட்டத்தைப் பத்தி அழகாப் பேசிட்டு, யாருக்காவது கேள்வி இருக்கான்னார். எட்மண்ட்னு நம்ம லைன் வீட்டு ஆளு எழுந்து, "சார், லதா மேடம் எங்க? அவங்கள இன்னாத்துக்குத் தூக்கிட்டீங்க?"ன்னார். கூட்டம் மொத்தமா லதா மேடம், லதா மேடம்னு கத்துது. கேமரா ஓடிக்கிட்டே கீது. அமைச்சர் பக்கத்துல இருந்த அதிகாரியைப் பாக்கறார், அதிகாரி அவருக்குப் பக்கத்துல இருந்தவரைப் பாக்கறார், அவர் தரையைப் பாக்கறார். நான் மனுவை மடிச்சு ஜோபியில வச்சிக்கிட்டு வீட்டுக்கு ஓடி வந்துட்டேன்.

ஓடி என்ன புண்ணியம், சாயங்காலமே ஆளு வந்துட்டது. ஜாய்னு ஒரு பொண்ணு, பெங்களூர்க்காரி, அந்தப் பேஜை நடத்துற கும்பல்ல ஒருத்தி. இருபத்தஞ்சு வயசு இருக்கும். போலீஸ் கூட வருதான்னு எட்டிப் பாத்தேன், ஆட்டோ டிரைவர்தான் இருந்தார். "லதா மேடம் நீங்களா தாத்தா?"ன்னு கேட்டுச்சு. ஆமான்னேன். லதா அடுக்களையில இருந்து வந்து, "தப்பு எங்க அப்பா மேலதான். ஆனா கெட்ட எண்ணம் எதுவும் இல்லீங்க"ன்னு கை கூப்பினா. அது எனக்கு இன்னும் கஷ்டமா இருந்தது.

நோட்டை எடுத்துக் காட்டினேன். வந்த குறை எல்லாம் தேதி, ஊர், பேரோட எழுதி வச்சிருந்தேன். ஆவன செய்யப்படும்னு எழுதிட்டுச் சும்மா இருக்க முடியுமா? தினமும் காலையில நடந்து போய் அந்தந்த ஆபீஸ்ல சொல்லிட்டு, அவங்க பதில் சொல்ற வரைக்கும் அங்கேயே நிப்பேன். எனக்கு வேற வேலை இன்னா? தண்ணி தொறந்து விடுற விநாயக் என்னைப் பாத்துப் பாத்து வெறுத்துப்போயி மூணு தெரு வால்வை ரிப்பேர் பண்ணிட்டான். ஸ்டேஷன் ரோட்டு விளக்கு எரியுது. பேத்தமங்களா கால்வாயில மண்ணு வாரிட்டாங்களாம். முடிஞ்சதுக்கெல்லாம் நோட்டுல ஒரு கோடு போட்டிருந்தேன்.

அந்தப் பொண்ணு பக்கம் பக்கமாப் பொரட்டிச்சு. "தாத்தா, எத்தனை பேரு பாத்தாங்க, எத்தனை லைக்குன்னு தினமும் மேல ரிப்போர்ட் அனுப்பறோம். எத்தனை பேருக்குப் பதில் போட்டோம்னு எங்களை யாரும் கேட்டதே இல்ல"ன்னு சொல்லிச்சு. அப்புறம் நோட்டை முழுசாப் படம் பிடிச்சுக்கிட்டு, தொக்கும் சோறும் சாப்பிட்டு, "மனு விஷயம் மேல சொல்லிப் பாக்கறேன் அக்கா, கியாரண்டி குடுக்க முடியாது"ன்னு லதாகிட்ட சொல்லிட்டுப் போச்சு.

நல்ல பொண்ணுதான். ஆனா சொல்லிப் பாக்கறேன்னு சொன்னவங்க எத்தனை பேரைப் பாத்திருக்கேன். அதனால ரூம் பார் மச்சான். ஸ்கூல் பக்கத்துல இருக்கணும், தண்ணி நல்லா வரணும், மம்தா ஓடி ஆடற பிள்ளை, மாடிப்படி ஆவாது. பாரு, ஆனா ரொம்ப அவசரப்பட்டுப் பாக்காதே. கிடைச்சாலும் நாலு நாள் கழிச்சு சொல்லு. அவங்க ரெண்டு பேரும் போயிட்டா இந்த வீட்ல நானும் உன் அக்காவும் ஒருத்தர் மூஞ்சை ஒருத்தர் பாத்துக்கிட்டு இன்னா பண்ணுவோம்னு தெரியல. குழந்தைக்கு அம்மா கிடைக்கட்டும், அதுதான் முக்கியம்னு மனசைத் தேத்திக்கிறேன்.

உன் சம்சாரத்துக்கு எங்கள் விசாரிப்பைச் சொல்லவும். பிள்ளைகள் நன்றாகப் படித்து நல்ல நிலைமைக்கு வர எங்கள் இருவரின் ஆசீர்வாதம். உனக்கு முட்டிவலி குறைய உன் அக்கா விளக்கெண்ணெய் தடவச் சொல்கிறாள். மறு தபாலில் பதில் எழுதவும்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள மாமா,
தசரதன்.

பின்குறிப்பு: மேலே எழுதினது எதையும் எடுத்துக்காதே. ரூம் பாக்கவே பாக்காதே. இந்தக் கடிதத்தை தபால்ல போடறேன்னு வாங்கிட்டுப் போன உன் அக்கா, மூணு வாரமா டிரங்குப் பெட்டியில சேலைக்கு அடியில வச்சிருந்திருக்கா. கேட்டதுக்கு, "நீ எழுதினா நான் அனுப்பிடணுமா?"ங்கறா. இன்னிக்குத்தான் என் கையில குடுத்தா, எழுதின பேப்பரை வீணாக்க மனசு வரலை. விசாரணையை முடிச்சு மனுவைப் பாஸ் பண்ணிட்டாங்க. போன வாரம் அடுப்பு, தோசைக்கல், தள்ளுவண்டி எல்லாம் வந்து இறங்குச்சு. லதா கம்பெனியை விட்டுட்டா. நாலு நாளா ஸ்டேஷன் வாசல்ல வண்டி நிக்குது, நேத்து குருமா பத்தாம போச்சு. இன்னிக்குப் புதன்கிழமை. மத்தியானம் லதா கூடத்துல உக்காந்து சப்பாத்தி மாவு பிசைஞ்சிட்டு இருந்தா. மம்தா ஸ்கூல் விட்டு வந்தது, அம்மாவைப் பாத்துட்டு பையோட வாசல்லயே நின்னுட்டது. நாலு நாளாப் பாத்தும் அதுக்கு இன்னும் நம்பிக்கை வரலை. மெதுவா எங்கிட்ட வந்து காதுல கேக்குது: "தாத்தா, இன்னிக்கும் ஞாயித்துக்கிழமையா?"