அக்காவின் ரத்தத்துக்குத் துத்தநாக முலாம்

அன்புள்ள மைத்துனருக்கு,

இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. உங்கள் அக்கா மருத்துவமனையில் இடது காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்திருக்கிறாள். நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். உங்களுக்கென்ன!

வைரஸ் காய்ச்சலில் ரத்தம் உறைந்துவிடாமலிருக்க டாக்டர் அவளுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். நீங்கள் போனில் என்ன சொன்னீர்கள்? "அக்கா, மச்சான் பட்டறையில போல்ட்டுக்கு என்ன முலாம் பூசுறாரு? துத்தநாகம். எதுக்கு? துருப்பிடிக்காம இருக்க. ரத்தத்துல இருக்கறதும் இரும்புதானே? துருப்பிடிச்சாத்தான் அது கட்டியாகும்." இத்தனை வருஷமாக முலாம் பூசுகிறவன் நான், என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்டு நான் சொன்னால் மட்டும் அவள் காதில் ஏறிவிடுமா? டாக்டர் மாத்திரையை ஓரங்கட்டிவிட்டு, நீங்கள் கூரியரில் அனுப்பிய துத்தநாக மாத்திரையைச் சாப்பாட்டுக்கு ஒன்று, தம்பி பாசத்துக்கு ஒன்று என்று விழுங்கினாள். கால் வீங்கினபோதும் "முலாம் பிடிக்குதுங்க" என்றாளே, நான் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. "துத்தநாகம், செம்பு, இரும்பு எல்லாமே உடம்புக்குத் துளித்துளி வேணும்தான். ரத்தம் உறையறதுலயும் துத்தநாகத்துக்குப் பங்கு இருக்கு. ஆனா காய்ச்சல் நேரத்துல அது என்னென்ன பண்ணுதுன்னு நாங்களே இன்னும் முழுசாப் படிச்சு முடிக்கலை. உங்க மைத்துனர் முடிச்சிட்டாரா?" என்றார். காலில் உறைந்திருக்கும் ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். "போகவிடக் கூடாது. முதல்ல நான் குடுத்ததை முழுங்கச் சொல்லுங்க" என்றார்.

எனக்கு வயிறு எரிகிறது. இனி நீங்கள் என் வாசல்படி மிதிக்கக் கூடாது. உங்கள் குரலே அவள் காதில் விழக் கூடாது. பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். உங்களுக்குக் கிடையாது.

இப்படிக்கு,
போல்ட்டுக்கு மட்டும் முலாம் பூசத் தெரிந்த
உங்கள் மச்சான்

பி.கு.: உங்கள் அக்கா டாக்டர் கொடுத்த மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். நர்ஸ் சொல்லியாச்சு, நான் கையெடுத்துக் கும்பிட்டும் பார்த்தாச்சு. "என் தம்பி சொல்லட்டும், முழுங்கறேன்" என்கிறாள். கோபத்தில் உங்கள் நம்பரை இரண்டு போனிலும் நானே அழித்துத் தொலைத்தேன். அதனால்தான் இதை உங்கள் ஊருக்குச் சரக்கு ஏற்றிவரும் பட்டறை டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். முதலில் அவர் போனிலிருந்து அக்காவிடம் பேசுங்கள். பேசிவிட்டு அதே வண்டியில் ஏறி வந்துவிடுங்கள், மைத்துனரே. எனக்கு பயமாக இருக்கிறது.